நடிகனை வளர்த்தது யார்?

சென்ற மாதம் ஒரு நூல் மில்லின் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். இரவு ஷிப்டு விட்ட நேரம். கடைச் சுவரில் புதிய படம் ஒன்றின் போஸ்டர். பசை கூடக் காயவில்லை. தலையில் பஞ்சு ஒட்டியபடி வந்த வாலிபத் தோழர் ஒருவர், டீயை ஊதிக் குடித்துக்கொண்டே அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் அதிர்ஷ்டம் அண்ணே! அவுங்களுக்கு மூஞ்சி வாய்ச்சுது. நமக்கு மெஷின் வாய்ச்சுது."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. சினிமாப் பத்திரிகைகள் காலமெல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. டெலிவிஷனிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஏழைப் பையன் ஒருவன் இருந்தான்; அவனிடம் பிறவித் திறமை இருந்தது; ஒரு நாள் ஒரு பட முதலாளியின் கண் அவன்மேல் பட்டது; மறுநாள் அவன் நட்சத்திரம்! இந்தக் கதையில் வேலை எங்கே? கூலி எங்கே? அவனோடு ஒரே பாயில் படுத்துக் கிடந்த மற்றப் பையன்கள் எங்கே?

தமிழ்நாட்டின் பெரிய நடிகர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற கணக்கை ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம். மில் தொழிலாளிக்கும் வயல் வேலைக்காரருக்கும் புரியாத கணக்கு இதில் ஒன்றும் இல்லை.

பேசும் படம் வருவதற்கு முன்னால் நடிகன் உருவான இடம் நாடகக் கம்பெனி. அதிலும் முக்கியமானவை, ஜனங்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்று அழைத்த சிறுவர் சபைகள். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. அதற்கு ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் இன்றும் நமது ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. அந்தச் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு! ஆறு வயதில் நமது வீட்டுப் பிள்ளை ஆடு மேய்க்கப் போகும். அந்தப் பிள்ளை மேடை ஏறப் போயிற்று. இப்படி மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜகன்னாத ஐயர் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி, பிற்பாடு 1925-ல் டி.கே.எஸ். சகோதரர்களே தொடங்கிய பால ஷண்முகானந்த சபை என்று பல சபைகள் ஊர் ஊராகச் சுற்றின.

கம்பெனி வீடு என்று ஒன்று உண்டு. பையன்கள் அங்கேயே சாப்பிட வேண்டும், அங்கேயே படுக்க வேண்டும். பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். விடியற்காலையில் குரல் சாதகம். பிறகு பாடம். வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன் மனப்பாடம் செய்ய வேண்டும். தப்பினால் பிரம்பு பேசும். ஆட்டம், கத்திச் சண்டை, ஒத்திகை. ராத்திரி நாடகம். ராஜா வேஷக்காரன் காய்ச்சலில் படுத்தால் சேவகன் வேஷக்காரன் ராஜாவாக நிற்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவனுக்கும் எல்லார் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். மில்லில் ஒரே ஆள் கார்டிங்கும் பார்த்து, ஸ்பின்னிங்கும் பார்த்து, மெஷின் நின்றால் பிட்டர் வேலையும் பார்ப்பது போல!

சம்பளம்? எம்.என். நம்பியார் சின்ன வயதில் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் இருந்தவர். மாதம் 3 ரூபாய் சம்பளம். அதில் 1 ரூபாயைத் தமக்கு வைத்துக்கொண்டு 2 ரூபாயைத் தாயாருக்கு அனுப்புவார் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்கிறார்கள். 1935-ல் அந்தக் கம்பெனியின் பக்த ராமதாஸ் நாடகம் படமானபோது அவருக்குக் கிடைத்தது 40 ரூபாயாம். ஒரு வருஷத்துச் சம்பளத்துக்கு மேல் ஒரே தடவையில்! பையன்கள் சினிமாவின் பக்கம் ஏன் பார்த்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

இன்னொரு சங்கதி உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. பதினான்கு பதினைந்து வயதில் பையனுக்குக் குரல் உடையும். அதுவரை வள்ளியாகவும் சாவித்திரியாகவும் குயில் போலப் பாடிக்கொண்டிருந்தவன், ஒரு மாதத்தில் தகரத்தைத் தேய்ப்பது போலப் பாடுவான். கொட்டகையில் சீட்டி அடிப்பார்கள். முதலாளி முகம் சுளிப்பார். குரல் திரும்பினால் பிழைத்தான். திரும்பாவிட்டால் சீன் தள்ளலாம், பெட்டி தூக்கலாம், அல்லது ஊருக்கு நடக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆயிரம் பாட்டுத் தெரியும். ஏர் பிடிக்கத் தெரியாது. ஊருக்குப் போய் என்ன செய்வான்? போனவர்களின் பெயர் எந்த சினிமாச் சரித்திரத்திலும் இல்லை.

அது பள்ளிக்கூடமா, பட்டறையா, ஜெயிலா? மூன்றும்தான் என்று நாம் சொல்லுவோம். பிற்காலத்தில் கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் பக்கத்திலும் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம் பெண்களை மில் ஹாஸ்டலில் அடைத்து, மூன்று வருஷம் வேலை வாங்கி, கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்றார்கள் அல்லவா? அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கம்பெனி வீடு எப்படி இருந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. மில் ஹாஸ்டலிலிருந்து வெளியே வந்த பெண்ணின் கையில் தொழில் ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனி வீட்டிலிருந்து வந்த பையனின் கையில், நெஞ்சில், தொண்டையில் ஒரு தொழில் இருந்தது. அந்தத் தொழிலின் மேல்தான் தமிழ் சினிமா கட்டப்பட்டது.

யார் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள்? எம்.ஜி.ஆர். 1917-ல் கண்டியில் பிறந்தார். தகப்பனார் இறந்ததும் தாயார் பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். கலையார்வம் பிறகு வந்தது. முதலில் வந்தது பசி. என்.எஸ். கிருஷ்ணன் நாஞ்சில் நாட்டில் நாடகக் கொட்டகைக்குள் தின்பண்டம் விற்ற சிறுவன். சிவாஜி கணேசனின் தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்துச் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஏழு வயதில் பையன் வீட்டை விட்டு ஓடி, தாய் தகப்பன் இல்லாதவன் என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கிய ஏழைச் சிறுமி. இவர்களில் ஒருவராவது மிராசுதார் வீட்டுப் பிள்ளையா?

1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது. பேச வேண்டும், பாட வேண்டும், அதுவும் ஒலிவாங்கிக்கு முன்னால் தடுமாறாமல் பாட வேண்டும். இதற்கு ஆள் எங்கே? பட முதலாளிகளுக்குக் கவலையே இல்லை. ஆள் தயார்! கதையும் தயார், பாட்டும் தயார். நாடகக் கம்பெனிக்காரன் பத்து வருஷம் சோறு போட்டு, பிரம்பால் அடித்துப் பழக்கிய பையன்களை ரயிலேற்றிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுபோனார்கள். ஸ்டூடியோ முதலாளி உழவில்லை, விதைக்கவில்லை, களை எடுக்கவில்லை. அறுப்புக்கு மட்டும் அரிவாளோடு வந்தான்.

1936-ல் வந்த 'சதி லீலாவதி'யைப் பாருங்கள். குடியால் கெட்டவன் ஒருவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகப் போய்ச் சேரும் கதை. எஸ்.எஸ். வாசன் எழுதியது; டைரக்டர் எல்லிஸ் டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். அந்த ஒரே படத்தில் எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா மூன்று பேரும் நடித்தார்கள். மூன்று பேரும் நாடகக் கம்பெனிச் சரக்கு! தமிழ் தெரியாத டைரக்டர் தமிழ்ப் படம் எடுக்க முடிந்தது எப்படி? நடிகனுக்குத் தொழில் தெரிந்திருந்தது, அதனால்தான்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கோவைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாலையில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி ஸ்டூடியோவுக்குள் பாய்ந்தது. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் மில் முதலாளிகள் பங்கு போட்டார்கள். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. அங்கே நடிகனும் எழுத்தாளனும் மாதச் சம்பளக்காரர்கள். மில்லைப் போலவே கேட், மில்லைப் போலவே மணி, மில்லைப் போலவே கண்டிப்பு. நட்சத்திரம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மஸ்டர் ரோலில் அவரும் ஒரு பெயர்தான்.

'ஒரே நாளில் நட்சத்திரம்' என்ற கதையின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். எம்.ஜி.ஆர். முதல் படத்தில் தோன்றியது 1936. கதாநாயகனாக 'ராஜகுமாரி' வந்தது 1947. இடையில் 11 வருஷம் சின்னச் சின்ன வேஷம். 11 வருஷம் பதிலியாக இருந்தவனுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்டில் நின்று இன்று கூப்பிடுவார்களா என்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று. சிவாஜி 1952-ல் 'பராசக்தி'யில் வந்தபோது 'புதுமுகம்' என்றார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர் புதுமுகமா! அப்போதும் அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது, தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் பிடிவாதமாக நின்றதால் தப்பினார். அவர் நிற்காதிருந்தால்? திறமை குறைந்திருக்காது. நமக்குத்தான் அவர் பெயர் தெரியாமல் போயிருக்கும். அப்படித் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் நமது கேள்வி.

மேலே போனவர்களாவது நிலைத்தார்களா? மாயவரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த தியாகராஜ பாகவதர் நாடக மேடையிலிருந்து 1934-ல் 'பவளக்கொடி' மூலம் படத்துக்கு வந்தார். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதே 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதரும் கலைவாணரும் சிறைக்குப் போனார்கள். 1947-ல் விடுதலையாகி வெளியே வந்தபோது பாகவதரின் மார்க்கெட் போய்விட்டிருந்தது. 1959-ல், ஐம்பது வயது நிறையுமுன் காலமானார். அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த பட முதலாளிகள் பிறகு எந்த வாசலுக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டாம். குரலும் முகமும் உள்ளவரை கூலி. அப்புறம் கை விரிப்பு. நமது தொழிலில் முதுகும் கையும் உள்ளவரை கூலி. வித்தியாசம் அவ்வளவுதான்.

இவர்கள் எல்லோரையும் விட நமது நெஞ்சில் நிற்பவர் ஒருவர் உண்டு. விஸ்வநாததாஸ். 1886-ல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். மேடையில் முருகனாக நின்று வெள்ளைக்காரனைச் சாடிப் பாடுவார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். திரும்பி வந்து மறுபடியும் பாடுவார். அவர் ஜாதியைச் சொல்லி அவரோடு நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. முருகன் வேஷத்தைக் கும்பிடுவார்கள்; வேஷத்துக்குள் இருந்த மனிதனைத் தள்ளி வைப்பார்கள். இந்த அயோக்கியத்தனத்தை என்ன சொல்வது! 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. சினிமா அவரைப் பெரிய மனிதராக்கவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. சர்க்காருக்கு மேடை என்றால் எப்போதும் பயம்தான். 1876-ல் வெள்ளைக்காரன் நாடகச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகு 1954-ல் சென்னை ராஜ்யத்தில் மறுபடியும் ஒரு நாடகச் சட்டம். இந்தத் தடவை கண் எம்.ஆர். ராதாவின் மேல்.

பெண்களின் வழி இன்னும் முள். ஆண் நடிகன் கூத்தாடி. நடிகை என்றால் அதற்கும் கீழான சொல். கே.பி. சுந்தராம்பாளின் கணவரும் மேடைத் துணைவருமான கிட்டப்பா 1933-ல் இறந்தார். அவருக்கு வயது 27. வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அழைத்து, ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசினார்கள். ரயிலில் பாடிய பெண்ணுக்கு லட்சம்! ஊரெல்லாம் அதே பேச்சு. 1958-ல் அவர் மேல்சபைக்கும் போனார். திருவையாற்று டி.பி. ராஜலட்சுமி மேடையிலிருந்து 'காளிதாஸ்' கதாநாயகியாகி, 1936-ல் தாமே 'மிஸ் கமலா' படத்தை டைரக்ட் செய்தார். இவர்களைக் காட்டிப் பெண்களுக்குக் கதவு திறந்துவிட்டது என்பார்கள். திறந்தது இரண்டு பேருக்கு. மற்றவர்களுக்கு விடியற்காலை பஸ்ஸும் ஊரார் ஏச்சும்தான்.

கம்பெனிகள் பிறகு என்னவாயின? நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாக் கொட்டகைகள் ஆயின. பழகிய பையன்களை ஸ்டூடியோ எடுத்துக்கொண்டது. கொட்டகையைப் படப்பெட்டி எடுத்துக்கொண்டது. கம்பெனி எதைக் கொண்டு பிழைக்கும்? பட்டறை மூடப்பட்டது. சிறுவர்களை அடைத்து வைத்த வீடுகள் போனதற்கு நாம் ஒரு துளிக் கண்ணீரும் விடமாட்டோம். ஆனால் அங்கே கற்றுக் கொடுக்கப்பட்ட தொழிலை, அடி இல்லாமல், பசி இல்லாமல் கற்றுக் கொடுக்கும் இடத்தைக் கிராமத்துப் பிள்ளைக்கு யார் கட்டிக் கொடுத்தார்கள்?

வேறு வழிகள் வந்தன. சென்னை சபாக்களில் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் சாயங்காலம் நாடகம் போட்டார்கள். ரயில்வே உத்தியோகத்திலிருந்து நாகேஷ் வந்தார். ஏஜீஸ் ஆபீஸிலிருந்து கே. பாலச்சந்தர் வந்தார். நல்ல கலைஞர்கள்தாம். ஆனால் பகலில் ஒரு மாதச் சம்பளம் இருந்தால்தான் ராத்திரி மேடை. ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவனுக்கும் தினக்கூலிக்காரனுக்கும் அந்த வழி அடைப்பு. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ரஜினிகாந்த் சென்னையில் நடிப்புப் பள்ளியில் பயின்று 1975-ல் 'அபூர்வ ராகங்க'ளில் வந்தார். உழைப்பாளி ஒருவர் வரலாம் என்பதற்கு அவரைக் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆயிரம் கண்டக்டர்களில் ஒருவரைக் காட்டுகிறவர்கள் மீதிப் பேரைக் காட்டமாட்டார்கள்.

நமது ஆட்களும் ஒரு தடவை முயன்றார்கள். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தைப் பழைய தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் டைரக்டர். எம்.பி. சீனிவாசன் இசை. கதாநாயகன் கே. விஜயன், பொன்மலை ரயில்வேத் தொழிலாளியாக இருந்தவர். ஸ்டூடியோவுக்குள் தொழிற்சங்கம் கட்டிய கைகளே அந்தப் படத்தையும் எடுத்தன. டில்லியில் நற்சான்று கிடைத்தது; கொட்டகையில் படம் ஓடவில்லை. படத்தை எடுத்துவிடலாம், ஆனால் கொட்டகை யார் கையில் இருக்கிறது என்ற பாடத்தை அன்று படித்தோம். விஜயன் பிற்காலத்தில் டைரக்டராகப் பெயர் எடுத்தார். ஆனால் அந்தப் பாதையில் அடுத்த ஆள் வரவில்லை.

இனி நமது ஊர்ப் பக்கம் வருவோம். சுவாமிகளின் நாடகம் சாகவில்லை என்று முன்னே சொன்னோம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் வட்டாரங்களில் அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். அங்கே கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டவர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விடியும் வரை ஒரு வரி இடறாமல் நாடகம் நடக்கும். நாற்பது பெண்கள் வேறு வேறு தெருவிலிருந்து வந்து வயலில் இறங்கி ஒரே சீராக நாற்று நடவில்லையா? அதே மாதிரி. பாடம் எல்லாருக்கும் தெரியும். தொழில் தெரிந்தவனுக்கு மேஸ்திரி எதற்கு?

ஆனால் அவர்கள் வேலை நமது வேலையைப் போலப் பருவ வேலை. மாசி, பங்குனியில் திருவிழாக் கொடி ஏறினால் வேலை, ஆடி, ஆவணி தாண்டினால் வேலை அருகிவிடும், அடைமழையில் அடகுக்கடை. நமக்குத் தெரிந்த ஒரு பபூன் இருக்கிறார். மேடையில் அவர் வாயைத் திறந்தால் ஊர் உருண்டு புரண்டு சிரிக்கும். ஐப்பசியில் அவரைப் பார்க்க வேண்டுமானால் பெயிண்ட் வாளியோடு ஏதாவது வீட்டுச் சுவரில்தான் பார்க்கலாம். 2020-ல் கொரோனா வந்தது. பங்குனியில் ஊரடங்கு. திருவிழா இல்லை, நாடகம் இல்லை. 2021-லும் அதே கதி. இரண்டு வருஷத்து அறுப்பு போன விவசாயியின் நிலை. நலவாரியம் இருக்கிறது, நலிந்த கலைஞர் உதவித்தொகை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் முதியோர் பென்ஷனுக்கு நமது கிழவிகள் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு மனு எத்தனை மாதம் நடக்கும் என்று தெரியும்.

நடிகர் சங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1952-ல் தோன்றிய சங்கம் அது. சினிமா நட்சத்திரங்கள் முன்னால் நிற்பார்கள். உறுப்பினர் பட்டியலில் கணிசமானவர்கள் நாடக நடிகர்கள். தேர்தல் வந்தால் நட்சத்திரங்கள் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் காரில் வந்து இறங்குவார்கள். 2015 தேர்தலில் இந்த ஓட்டுகளுக்கு என்ன கிராக்கி! 2019 தேர்தலில் ஓர் அணி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே வைத்துக்கொண்டது. 2019 ஜூனில் போட்ட ஓட்டை, கோர்ட்டுக் கேஸ் முடிந்து 2022 மார்ச்சில்தான் எண்ணினார்கள். அந்த இடைவெளியில்தான் கொரோனாக் காலம் முழுவதும் வந்து போயிற்று. சில நடிகர்கள் கையிலிருந்து பணமும் அரிசியும் கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் தர்மம் வேறு, உரிமை வேறு. தீபாவளிக்கு முதலாளி கொடுக்கும் வேட்டிக்கும் சண்டை போட்டு வாங்கிய போனசுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இதுவரை முதலாளியையும் சர்க்காரையும் சங்கத்தையும் பேசினோம். நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஊர்த் திருவிழாக் கமிட்டியில் உட்காருபவர்கள் யார்? பல ஊர்களில் நாம்தான். நாடகம் பேசப் போகிறோம். மைக் செட்டுக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். சீரியல் லைட்டுக்குக் கொடுக்கிறோம். வாணவேடிக்கைக்குக் கடன் வாங்கியாவது கொடுக்கிறோம். நடிகனிடம் வந்ததும் நமக்குள் ஒரு மேஸ்திரி எழுந்து நிற்கிறான். "போன வருஷம் இவ்வளவுதானே, இந்த வருஷம் மழை இல்லை, பார்த்துச் சொல்லுங்க." ராஜபார்ட்டாவது எதிர்த்துப் பேசுவார். மிருதங்கக்காரர் பேசமாட்டார். விடிந்ததும் பாக்கியை ஏஜெண்டிடம் வாங்கிக்கொள் என்று அனுப்பிவிடுகிறோம். நமது கூலியை நாளைக்கு வாங்கிக்கொள் என்று பண்ணையார் சொன்னால் விடுவோமா?

டான்ஸ் ஆட வந்த பெண்ணை மேடைக்குக் கீழிருந்து என்னென்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் நாம் கேட்டிருக்கிறோம். கூப்பிடுகிறவன் சில சமயம் நமது யூனியன் ஆளாகவே இருக்கிறான். அந்தப் பெண் நாலு பஸ் மாறி வந்தவள். வீட்டில் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்தவள். விடிந்ததும் அடுத்த ஊருக்குப் போக வேண்டியவள். நைட் ஷிப்டுக்குப் போகும் நமது வீட்டுப் பெண்ணை ஒருவன் அப்படிக் கூப்பிட்டால் மில் வாசலில் என்ன நடக்கும்? ஆனால் நட்சத்திரத்தின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற இதே வாலிபர்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்கள். ஒரு நாள் கூலி முதல் காட்சி டிக்கெட்டுக்குப் போகிறது. அந்தப் பால் எந்த நடிகன் வயிற்றுக்கும் போவதில்லை.

டீக்கடைத் தோழரை மறுபடியும் பார்த்தோம். இந்தக் கணக்கையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்க பெரியப்பா கூட நாடகத்துல இருந்தவருதான். ஸ்திரீபார்ட் கட்டுவாராம். குரல் போச்சுன்னு வந்துட்டாரு. அப்புறம் மில்லுல சேந்து, ரிட்டயர் ஆகி, போய்ச் சேந்துட்டாரு" என்றார். அவர் மேடையில் பாடி இவர் கேட்டதில்லையாம். மெஷின் சத்தத்தில் அவர் பாடிக்கொண்டே வேலை செய்வார், பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது என்று வீட்டில் சொல்வார்களாம்.

பங்குனி வருகிறது. கமிட்டிகள் கூடுகிற நேரம். இந்த வருஷம் நாடகம் பேசப் போகும் தோழர்கள், ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பேசி முடித்ததும் எழுந்துவிட வேண்டாம். ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பேசுங்கள். பெண்கள் உடை மாற்ற, நாலு பக்கமும் மறைப்புள்ள ஓர் இடம் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டையும் திரும்பிப் போகும் பஸ் சார்ஜையும் சேர்த்துப் பேசுங்கள். பணத்தை விடிவதற்கு முன்னால், மேடைக்குப் பின்னால், அவரவர் கையில் எண்ணிக் கொடுங்கள்.